மார்புக் கட்டியை எடுத்தாயிற்று, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை: காத்திருக்கும் நாட்களுக்கான கேள்வி பதில்கள்

"சதையை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம், ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தையலை நனைக்காதீர்கள், மாத்திரையை வேளைக்குப் போடுங்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். அந்த ஒரு வாரத்தை எப்படிக் கழிப்பது என்று ஒரு வரிகூட இருக்காது. அந்த நாட்களில் பெண்களும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உங்கள் கட்டியைப் பற்றி உங்கள் சர்ஜன் சொல்வதே கடைசி வார்த்தை.

ரத்த டெஸ்ட் மாலைக்குள் வந்துவிடுகிறது. இதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?

ரத்தத்தை மெஷினில் வைத்தால் எண் வரும். சதையை ஒரு டாக்டர் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும், பார்க்கிற நிலைக்கு அதைக் கொண்டுவரவே நாள் பிடிக்கும்.

எடுத்த கட்டியை உடனே ஃபார்மலின் என்ற, சதை கெடாமல் காக்கும் மருந்தில் போடுவார்கள். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். மார்பில் கொழுப்பு அதிகம் என்பதால் மருந்து உள்ளே இறங்க நேரமாகும். அவசரப்பட்டு எடுத்தால் பின்னால் செய்யும் சோதனைகள் தப்பாகப் போகும். ஊறிய பிறகு அளந்து, ஓரங்களில் மை தடவி, சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். ஓரம்வரை ஏதாவது எட்டியிருக்கிறதா என்பதை அந்த மைதான் பிறகு காட்டிக்கொடுக்கும். துண்டுகளில் உள்ள நீரை ஒரு மெஷின் ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல எடுத்துவிட்டு அங்கே மெழுகை ஏற்றும். மெழுகுக் கட்டியாக்கி, ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கினால் கிடைக்கும் தடிமனில் சீவுவார்கள். கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றிய பிறகுதான் நோயியல் டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்கு வரும். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் அதே மெழுகிலிருந்து இன்னும் ஆழமாகச் சீவித் தரச் சொல்வார்.

தனியார் லேபில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடியும். கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனையில் இரண்டு வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. இதில் யாரும் உங்கள் ரிப்போர்ட்டை எழுதிவைத்துக்கொண்டு தராமல் இருப்பதில்லை. "வந்திருக்கும், சொல்ல மாட்டேங்கிறாங்க" என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது, அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

ஆபரேஷன் நடக்கும்போதே பார்த்துச் சொல்லிவிடுவார்களாமே?

அது ஃப்ரோசன் செக்‌ஷன். சதையை உறையவைத்து அரை மணி நேரத்தில் பார்ப்பது. எல்லா மருத்துவமனையிலும் இல்லை, எல்லாக் கட்டிக்கும் தேவையும் இல்லை. அதில் என்ன சொல்லியிருந்தாலும் மெழுகு ரிப்போர்ட் வந்த பிறகே முடிவு உறுதியாகும்.

சொன்ன தேதி தாண்டிவிட்டது. கெட்ட செய்தி என்பதால்தான் இழுக்கிறார்களா?

இல்லை. ஞாயிறு, பொங்கல் லீவு, மெஷின் பழுது, டாக்டர் விடுப்பு என்று தாமதத்துக்கு ஆயிரம் காரணம். 'இன்னொரு சாயச் சோதனை போட்டிருக்கோம்' என்றாலும் பதற வேண்டாம். இம்யூனோ என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தச் சோதனையைப் புற்று என்று தெரிந்த பிறகும் செய்வார்கள், புற்று இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளவும் செய்வார்கள்.

தேதி தாண்டினால் கேளுங்கள். அதற்கு வெட்கமே வேண்டாம். ஆனால் ஒரே ஆள், ஒரே எண்ணுக்கு, நாளைக்கு ஒருமுறை போன் செய்தால் போதும். வீட்டில் நான்கு பேர் நான்கு பக்கம் கேட்டால் நான்கு விதமான பதில் வரும், ராத்திரி முழுக்க அதை வைத்துக் கணக்குப் போடுவீர்கள்.

புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. இருபதுகளில் இருப்பவர்களுக்கு ஃபைப்ரோஅடினோமா என்ற புற்றில்லாத கட்டி மிகச் சாதாரணம். கோலிக்குண்டுபோல விரலுக்குப் பிடிகொடுக்காமல் நழுவும். நீர்க்கட்டி, பழைய அடியால் கொழுப்பு இறுகியது, பால்குழாயில் வளரும் சிறு மரு, நம் நாட்டில் காசநோயால் வரும் கட்டி என்று பட்டியல் நீளும். வயது கூடக் கூடப் புற்றுக்கான வாய்ப்பும் கூடும், அதையும் மறைக்க முடியாது.

உங்கள் மேமோகிராம் அல்லது ஸ்கேன் தாளில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கலாம். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. 4 என்பதுதான் தொல்லை பிடித்த எண்: 2-லிருந்து 95 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால்தான் அதை ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். 4ஏ என்றால் 10 சதவீதத்துக்குள். எண் தெரியாமல் கற்பனை செய்வதைவிடத் தெரிந்துகொள்வது நல்லது என்பவர்கள் தாளை எடுத்துப் பார்க்கலாம். மற்றவர்கள் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. முறைப்படி, கட்டியை எடுப்பதற்கு முன்பே ஊசி வழியாகச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். உங்களுக்குத் தடித்த ஊசியில் எடுத்து 'சாதாரணக் கட்டி' என்று வந்திருந்தால், ஸ்கேனும் அதையே சொல்லியிருந்தால், பெரிய ரிப்போர்ட் அதை மாற்றிச் சொல்வது அபூர்வம். "பார்த்தா சாதாரணமாத்தான் இருந்துச்சு" என்று சர்ஜன் சொல்லியிருந்தால் அதையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். அனுபவமுள்ள கைக்கு ஓரளவு தெரியும். ஆனால் அது ரிப்போர்ட் ஆகாது.

"கத்தி பட்டா பரவிடும், ஏன் தொட விட்டே?" என்று பெரியம்மா சொல்கிறார். உண்மையா?

கட்டியை வெளியே எடுப்பதால் புற்று பரவாது. மார்பகப் புற்றுக்கு அடிப்படைச் சிகிச்சையே அறுவைதான். அந்தக் காலத்தில் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் அவர்கள் பிழைக்காததைப் பார்த்து, பழி கத்தி மேல் விழுந்திருக்க வேண்டும். பெரியம்மாவிடம் வாதம் பண்ணி ஜெயிக்க வேண்டியதில்லை. 'சரி பெரியம்மா' என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

ரிப்போர்ட்டுக்காக ஒன்றிரண்டு வாரம் காத்திருப்பதால் நோய் கையை மீறிப் போய்விடுமோ என்ற பயமும் தேவையில்லை. மார்பகப் புற்று பொதுவாக மாதங்கள், வருடங்கள் கணக்கில் வளர்வது.

தையல் போட்ட இடத்தில் மறுபடியும் கெட்டியாக இருக்கிறது. கட்டி திரும்ப வந்துவிட்டதா?

ஆறும் தழும்புக்குக் கீழே கெட்டியாக ஒரு வரப்பு தட்டுப்படும். உள்ளே நீர் கோத்து உருண்டையாகவும் தெரியலாம். சுற்றிலும் ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும். சுருக்கென்று குத்தும், மரத்துப்போகும். இவையெல்லாம் ஆறுவதன் பகுதி. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தடவிப் பார்த்தால் புண்தான் கிளறப்படும்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, திடீரென்று மார்பு வீங்கி இறுகுவது, கட்டு நனையும் அளவு ரத்தம் என்று எதைக் கண்டாலும் அன்றைக்கே போக வேண்டும்.

பகலில் எப்படியோ போகிறது. ராத்திரி படுத்தால்தான் எல்லாம் வருகிறது.

முதலில் வலியைக் கவனியுங்கள். பாதி ராத்திரி விழிப்பு வலியால் வருகிறது, பயம் அதன் பின்னால் ஏறிக்கொள்கிறது. எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை 'சூடு' என்று சொல்லித் தவிர்க்க வேண்டாம். கையை ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டு, மெத்தென்ற உள்ளாடையைப் படுக்கும்போதும் போட்டுக்கொண்டால் இழுப்பு குறையும்.

அப்புறம், கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மனநல மருத்துவத்தில் பல வருடமாகச் சொல்லித்தரும் முறை இது. சாயங்காலம் 5 மணிக்கு ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து, தோன்றுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகள் படிப்பு, பணம், முடி கொட்டுவது, எதுவானாலும். நேரம் முடிந்ததும் நோட்டை மூடி வைத்துவிடுங்கள். ராத்திரி அதே எண்ணம் வந்தால் 'இதை நாளைக்கு 5 மணிக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுங்கள். முதல் இரண்டு நாள் எண்ணம் கேட்காது. போகப் போகக் கொஞ்சம் கேட்கும். அந்த நோட்டில் எழுதியதில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை நாலைந்தாவது இருக்கும், அதைத் தனியாக எழுதிக்கொண்டால் பின்னால் உதவும்.

அரை மணி நேரமாகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து உட்காருங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள். போனை எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரையை வாங்கிப் போடவே போடாதீர்கள். வேண்டுமென்றால் டாக்டரிடம் கேளுங்கள், சில நாளைக்கு எழுதித் தருவார்.

"பாசிட்டிவா இரு" என்கிறார்கள். முடியவில்லை. என்னிடம்தான் குறையா?

ஒரு குறையும் இல்லை. 2009-இல் ரேடியாலஜி இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. மார்பில் பயாப்ஸி, அதாவது சதை எடுத்துச் சோதிப்பது, செய்துகொண்ட பெண்களின் எச்சிலில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை அளந்து பார்த்தார்கள். புற்று என்று தெரிந்தவர்களுக்கு அது எப்படிக் குலைந்திருந்ததோ, அதேபோலத்தான் முடிவு தெரியாமல் இருந்தவர்களுக்கும் இருந்தது. தெரியாமல் இருப்பது உடம்புக்கு அவ்வளவு பெரிய சுமை. 'இன்னும் ஒண்ணுமே ஆகல, அதுக்குள்ள ஏன் அழறே' என்பவர்களுக்கு இது தெரியாது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் கேட் ஸ்வீனி, காத்திருப்பதைப் பற்றியே பல வருடமாக ஆராய்பவர். வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தார். நல்லதையே நினைப்பது, மனதை அடக்குவது என்று அவர்கள் முயன்ற எதுவும் தவிப்பைப் பெரிதாகக் குறைக்கவில்லை. சொல்லப்போனால், நன்றாகக் கவலைப்பட்டவர்கள்தான் மோசமான முடிவு வந்தபோது சீக்கிரம் அடுத்த வேலையைப் பார்த்தார்கள். ஆகவே கவலைப்படுவதால் நீங்கள் எதையும் கெடுத்துக்கொள்ளவில்லை. மனதால் நினைப்பது மைக்ராஸ்கோப்பின் கீழே இருப்பதை மாற்றாது, நல்ல பக்கமாகவும் சரி, கெட்ட பக்கமாகவும் சரி.

அவருடைய பிந்தைய ஆய்வுகளில் ஒன்று மட்டும் உதவுவதாகத் தெரிந்தது: நேரம் போவது தெரியாமல் மூழ்கும் வேலை. டிவி அப்படிப்பட்டதல்ல, கண் அங்கே இருக்க மனம் நழுவிவிடும். அதுவும் நம் சீரியல்களில் ரிப்போர்ட் கவரைப் பிரித்தாலே இடி இடிக்கும், இந்த வாரம் வேண்டாம். கையும் கணக்கும் சேர்ந்து ஓட வேண்டும். நோட்டில் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம், பூ கட்டுவது, குரோஷா, பிள்ளையின் கணக்குப் பாடம், ஆபீஸில் தள்ளிப்போட்ட ஃபைல். குடம் தூக்குவது, மாவாட்டுவது போன்றவற்றை டாக்டர் சொல்லும்வரை தள்ளி வையுங்கள்.

கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் தையல் ஆறும்வரை பட்டினி விரதமும் அங்கப்பிரதட்சணமும் வேண்டாம். சாமி ஒரு மாதம் பொறுக்கும்.

யாரிடமெல்லாம் சொல்ல வேண்டும்?

விஷயம் தெரிந்த ஒவ்வொருவரும் தினம் 'ரிப்போர்ட் வந்துச்சா?' என்று கேட்பார்கள். இதை மனதில் வைத்து எண்ணிக்கையை முடிவு பண்ணுங்கள். இரண்டு மூன்று பேர் போதும், அதில் ஒருவராவது உபதேசம் பண்ணாமல் கேட்பவராக இருக்கட்டும். மற்றவர்களுக்கு 'சின்ன ஆபரேஷன், நல்லா இருக்கேன்' போதுமானது. குழந்தைகளிடம் 'அம்மாவுக்கு இங்கே ஒரு கட்டி இருந்தது, எடுத்தாச்சு, புண் ஆறணும், மோதாதே' என்று சொல்லலாம். ஒன்றுமே சொல்லாவிட்டால் அவர்களாக வேறு கதை கட்டிக்கொள்வார்கள்.

ரிப்போர்ட்டை வீட்டார் வாங்கி, என்னிடம் மறைத்துவிடுவார்களோ?

நம் வீடுகளில் நடப்பதுதான். "அவ தாங்க மாட்டா டாக்டர், சொல்லிடாதீங்க" என்று அண்ணனோ கணவரோ மகனோ கன்சல்டிங் ரூமுக்குள் தனியாகப் போவார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே வருபவரின் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும். மீதி, கீமோ வார்டின் போர்டைப் படிக்கும்போது தெரியும். அன்று முதல் வீட்டில் யார் என்ன சொன்னாலும் அவளுக்கு நம்பிக்கை வராது. நல்ல ரிப்போர்ட் வந்தால்கூட 'உண்மையாவே நல்லதா, இல்ல எனக்காகச் சொல்றாங்களா' என்று சந்தேகப்படுவாள். காத்திருக்கும் நாட்களின் பயத்தில் பெரிய பங்கு இந்தச் சந்தேகம் என்பது என் எண்ணம்.

இதற்கு ஒரு வழி உண்டு, அது உங்கள் கையில்தான் இருக்கிறது. ரிப்போர்ட் வருவதற்கு முன்பே, கட்டு மாற்றப் போகும்போதோ தையல் பிரிக்கப் போகும்போதோ சர்ஜனிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: "டாக்டர், எதுவா இருந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க. என் தங்கச்சி கூட இருப்பா." சிலருக்கு நேரடியாகக் கேட்கத் தெம்பிருக்காது. அவர்கள் "என் பையன்கிட்ட சொல்லிடுங்க, அவன் எனக்குப் பக்குவமா சொல்லுவான்" என்று கேட்டுக்கொள்ளலாம். அதுவும் சரிதான். யார் வாங்குவது, யார் முதலில் கேட்பது என்பதை நீங்களே தீர்மானித்திருக்க வேண்டும். வீட்டாரிடமும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். உடம்பு உங்களுடையது, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, எந்த டாக்டரும் இதை மறுக்க மாட்டார்.

இந்த ஒரு ஏற்பாடு முடிந்துவிட்டால், ஒவ்வொரு போன் மணிக்கும் வயிற்றைப் புரட்டுவது நிறையக் குறையும்.

(கணவர் கேட்பது) நான் என்ன சொன்னாலும் கோபப்படுகிறாள். எப்படிப் பேசுவது?

'ஒண்ணும் இருக்காது, விடு' என்று சொல்லியிருப்பீர்கள். உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். பேச்சை மூடுவதற்குச் சொல்வதாகத்தான் காதில் விழும். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரிப்போர்ட் அன்னிக்கு நான் லீவு போட்டுட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். சமையலையும் தண்ணீர்க் குடத்தையும் கேட்காமலே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பேசாமல் இருந்தால் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். உங்கள் அம்மாவின் ஆலோசனைகளை வாசலிலேயே நிறுத்திவைப்பதும் இந்த வாரம் உங்கள் வேலை.

ரிப்போர்ட் பிடிஎஃப் ஆகப் போனுக்கே வருமாம். திறக்கலாமா?

ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகத் திறக்காதீர்கள், அவ்வளவுதான். மறுநாள் டாக்டரைப் பார்க்க வழி இருக்கும்போது, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்போது திறங்கள். ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும், கடைசியில் 'இம்ப்ரெஷன்' அல்லது 'டயக்னோசிஸ்' என்ற பகுதிதான் முடிவு. 'பினைன்' என்றால் புற்று அல்ல. 'நோ எவிடென்ஸ் ஆஃப் மாலிக்னன்சி' என்றாலும் புற்று தெரியவில்லை என்பதுதான், மாலிக்னன்சி என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டுக் கதறியவர்கள் உண்டு. 'கார்சினோமா' என்றால் புற்று. 'இன் சிட்டு' என்று சேர்ந்திருந்தால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கிறது, வெளியே ஊடுருவவில்லை. 'ஏடிபியா' என்பது பினைனுக்கும் கார்சினோமாவுக்கும் நடுவில்: புற்று அல்ல, ஆனால் செல்கள் ஒழுங்காக இல்லை, தொடர்ந்து கவனிக்க வேண்டும். மீதி வரிகளைக் கூகுளிடம் கேட்க வேண்டாம், சர்ஜனிடம் கேளுங்கள்.

கவலை எல்லை மீறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

சாப்பாடு இறங்கவில்லை, நாட்கணக்கில் தூக்கமே இல்லை, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆபரேஷனைச் சாக்காக வைத்து அதை நிறுத்திவிடாதீர்கள்.

புற்று என்று வந்துவிட்டால்?

அன்றைக்கே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. புற்று எந்த வகை என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 போன்ற சோதனைகளின் முடிவு வந்த பிறகே எந்தச் சிகிச்சை என்று தெரியும், அதற்கு இன்னும் சில நாள் ஆகும். ஓரத்தில் மிச்சம் இருந்தால் இன்னொரு சிறிய ஆபரேஷன் தேவைப்படலாம். மார்பை முழுவதும் எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை: ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், முழு மார்பையும் எடுத்தவர்களும் ஒரே அளவில் உயிர் வாழ்ந்ததை 2002-இல் வந்த 20 வருட ஆய்வு முடிவுகள், இத்தாலியிலும் அமெரிக்காவிலும், காட்டின. பணத்தைப் பற்றிய பயம் தனி. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் தகுதி உண்டா என்று இப்போதே விசாரித்து வைக்கலாம். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் புதிதாகச் சதை எடுக்கத் தேவையில்லை. லேபில் உள்ள மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

நல்லபடியாக வந்துவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை, அழுகை வருகிறது. ஏன்?

பல நாள் விறைப்பாக இருந்த உடம்பு, தாள் வந்தவுடனே தளர்ந்துவிடாது. சிலருக்கு ரிப்போர்ட் வந்த பிறகுதான் அழுகையே வரும். அடுத்தவர்கள் இனிப்பு கொடுக்கும்போது நீங்கள் மட்டும் சோர்ந்து கிடந்தால் அதைத் தப்பாக நினைக்க வேண்டாம், ஓரிரு வாரத்தில் தணியும். தணியாவிட்டால் மேலே சொன்ன எண்கள் அப்போதும் உங்களுக்கானவைதான்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது: அடுத்த ஸ்கேன் எப்போது, இந்த வகைக் கட்டி திரும்ப வருமா. சாதாரண ஃபைப்ரோஅடினோமா என்றால் பெரும்பாலும் அதோடு சரி. ஃபில்லோட்ஸ் என்ற வகை திரும்ப வரக்கூடியது. ஏடிபியா என்றால் பின்னாளில் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 மடங்கு, அதனால் வருடா வருடம் சோதனை உண்டு. ரிப்போர்ட்டை ஒரு நகல் எடுத்து, பழைய ஸ்கேன்களோடு ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். அடுத்த முறை ஸ்கேன் எடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.